பூட்டு மாஸ்டரும் மைக் அக்காவும்

அந்த ஊர்க் கால்பந்து அணி தோற்பதுகூட ரசிகர்களுக்குப் பழகிவிட்டது. தோற்கும் விதம்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கோச், ஒன்பது பேரைச் சொந்த கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "கோல் விழாமப் பாத்துக்குங்க, போதும்" என்பார். எப்படியும் ஒன்று விழுந்துவிடும். திருப்பிப் போட எதிர்ப்பக்கத்தில் ஆள் இருக்காது. ரசிகர்கள் அவருக்குப் பூட்டு மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மைக் அக்காவுக்கு அந்தப் பூட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வாரம் முழுக்க அவளுக்குப் பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை. ஊரில் முக்கால்வாசிப் பேர் கன்னத்தைப் பிடித்தபடி அவள் குரலுக்காகக் காத்திருந்தவர்கள்தான். அவள் "உள்ள போங்க" என்றால், பயந்து நடுங்குகிறவனும் எழுந்து உள்ளே போய்விடுவான். அந்தக் குரலுக்காகத்தான் மைதானத்தில் அறிவிப்பு வேலையும் அவளைத் தேடி வந்தது. சம்பளம் கிடையாது. ஆனால் அந்த மைக் அவளுக்கு உயிர்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. போன ஆட்டம் முடிந்ததும் சங்கச் செயலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோச் பேரை வாசிக்கும்போது உங்க குரல்ல ஒரு இளப்பம் தெரியுதும்மா. இன்னொரு புகார் வந்தா மைக்கை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

அதனால் இந்த ஆட்டத்தில் மைக்கில் தேன் ஒழுகப் பேசினாள். திட்டுவதையெல்லாம் ஸ்விட்சை அணைத்த பிறகு, அறிவிப்பு அறையில், புருஷனிடம் மட்டும் வைத்துக்கொண்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஸ்விட்ச் இறுகிப்போய்விட்டது என்று அவள் சொன்னதும், அன்று காலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தார். அமுக்கினால் வழுக்கிக்கொண்டு கீழே போனது. விட்டால் மேலே வரவேண்டும் என்பதைத்தான் அது மறந்துவிட்டது.

தூறல் போட்டதால் அறையின் கண்ணாடி ஜன்னலை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். இடைவேளை முடிந்தது. 'நீல நிற ஸ்கூட்டரை வழியிலிருந்து எடுக்கவும்' என்று அறிவித்துவிட்டு, அக்கா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நெட்டையைப் பாத்தீங்களா? அவ்வளவு உயரத்தை வச்சிக்கிட்டு அவனை மூலையில ஒட்டடை அடிக்க விட்டிருக்கார்."

"இவரு கோச்சா, வாட்ச்மேனா?" என்றார் புருஷன்.

"முன்னாடி போய் நில்லுடா தம்பி. போ."

கீழே நெட்டை திடுக்கிட்டு நிமிர்ந்தான். போன மாதம்தான் இதே குரலுக்குக் கட்டுப்பட்டுக் கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவன். கோச்சைப் பார்க்கக்கூட இல்லை. ஓடினான். பக்கவாட்டிலிருந்து வந்த பந்தைத் தலையால் ஒரு தட்டுத் தட்டினான். கோல்.

மைதானம் துள்ளிக் குதித்தது. அறையிலும் இருவரும் குதித்தார்கள்.

"பாத்தீங்களா? நான் நினைச்சேன், அவன் செஞ்சான்" என்றாள் அக்கா. "இப்ப எல்லாரும் போங்கப்பா முன்னாடி. யாரும் பின்னாடி நிக்க வேணாம்."

எல்லாரும் போனார்கள். கோச் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினார். நான்கு ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் அது எடுபடவில்லை. எதிரணிக்காரன் ஒருவன் ஆளில்லாத பாதியில் பந்தை உருட்டிக்கொண்டு போய், உலாவப் போனவன்போல கோல் போட்டான். அடுத்த கோலும் அதே வழியில் வந்தது.

புருஷனுக்கு ரத்தம் கொதித்தது. கோச்சை நேராகவே நாலு கேட்டுவிடலாம் என்று ஜன்னலைத் திறந்தார். அதே நேரம் அக்கா, "இந்த ஆளுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்றாள். அது அவள் வாயிலிருந்து ஒரு தடவையும், வானத்திலிருந்து ஒரு தடவையும் வந்தது.

இருவரும் ஸ்விட்சைப் பார்த்தார்கள். அது கீழேயே படுத்திருந்தது.

ஆறு ஆட்டமாக 'மாஸ்டரை மாத்து' என்று கத்திய கூட்டம், இப்போது கைதட்டலோடு தாளம் மாறாமல் 'அக்காவை மாத்து' என்று கத்தியது.

ஆட்டம் தோல்வியில் முடிந்ததும் செயலாளர் படியேறி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் பின்னாலேயே நனைந்த தொப்பியோடு பூட்டு மாஸ்டரும் வந்தார். அக்கா எழுந்து நின்றாள். தானாகவே மைக்கைக் கழற்றி நீட்டினாள்.

"தப்புதான் சார். கோச் சார், நீங்களும் மன்னிச்சிருங்க. நான்தான் ஆட்டத்தைக் கெடுத்தேன்."

"எண்ணெய் விட்டது நான்" என்றார் புருஷன் மெதுவாக.

செயலாளர் கையை நீட்டினார். கோச் குறுக்கே வந்தார்.

"இருங்க சார். இவங்களை நிறுத்துறதா இருந்தா நானும் வரமாட்டேன்."

"இவங்க உங்களை என்னென்ன சொன்னாங்கன்னு கேட்டீங்கல்ல?"

"ஊரே கேட்டுச்சே. ஆனா இத்தனை ஆட்டத்துல இன்னிக்குத்தான் ஜனம் வேற ஒருத்தரைத் திட்டிச்சு. கடைசிப் பத்து நிமிஷம் என்னை ஒருத்தனும் சீண்டல. அப்படியே காலை நீட்டி உக்காந்துட்டேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

செயலாளர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "ஸ்விட்சை நாளைக்கே மாத்தணும். வேற ஆளை வச்சு" என்று புருஷனை முறைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மைக்கை மார்போடு பிடித்துக்கொண்டு நின்ற அக்காவிடம் கோச் குரலைத் தாழ்த்தினார்.

"நெட்டை விஷயத்துல நீங்க சொன்னது சரிம்மா. அடுத்த ஆட்டத்துல அவன் முன்னாடிதான். ஆனா மத்தவங்க அங்கேயேதான் நிப்பாங்க. ஏன்னு இப்பத் தெரியுதா?"

"தெரியுது சார்."

"வாங்க, ஒண்ணா இறங்குவோம். வாசல்ல ஒரு கூட்டம் நிக்குது. எனக்காக இல்ல, உங்களுக்காக."

அக்கா மைக்கை மேசையில் வைத்தாள். "என்ன சார் பண்றது?"

"தலையைக் குனிஞ்சா விடமாட்டாங்க. பதில் சொன்னா வீடு வரைக்கும் வருவாங்க. கல்யாண ஊர்வலத்துல போற மாதிரி கையை ஆட்டிக்கிட்டே போங்க. குழம்பிடுவாங்க. என்னோட அனுபவம்."

வாசலில் சத்தம் எழுந்தது. அக்கா கையை உயர்த்தி ஆட்டினாள். முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, தன்னை அறியாமல் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்றார் கோச், பக்கத்தில் கையை ஆட்டியபடியே.