ஒளிர்ந்த பொட்டு

நிலோஃபர் மாசாணத்தின் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். பாதியாவது மீதமிருக்க வேண்டும், காலி.

"ஏனுங்க மாசாணம், அத்தனையும் நீங்களேவா முழுங்குனீங்க?"

"நானும் கதிரேசனும்தானுங்க. ஜோடியாத் தேங்கா உடைக்கறவங்க நாங்க. டீயோ பீடியோ, எல்லாமே பங்குதான். அவனுக்கும் அதே காச்சல். தெனம் ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டோம்."

காங்கேயத்துக் கொப்பரைக் களத்தின் ஓரத்தில், சாக்கு மூட்டையில் சாய்ந்து கிடந்தான் கதிரேசன்.

நிலோஃபர் கோவையிலிருந்து வரும் மலேரியா ஆய்வாளர். ஒருவகை மலேரியாக் கிருமி, காய்ச்சல் விட்ட பிறகும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மறுபடி எழும். அதை உறக்கத்திலேயே அழிப்பது இந்த மாத்திரை. ஆனால் சிலருடைய சிவப்பணுக்களில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. அவர்களுக்கு இதே மாத்திரை அணுக்களை உடைத்துவிடும், சிறுநீர் கறுத்துப் போகும். மாசாணத்தைச் சோதித்த பிறகே கொடுத்திருந்தாள். கதிரேசனை யாரும் சோதிக்கவில்லை.

"ஒண்ணுக்கு எந்த நெறத்துல போவுதுங்க?"

"வரக்காப்பியாட்ட," என்றான் கதிரேசன்.

அவன் விரலில் குத்தி, ரத்தத்தை மருந்து நீரில் கலந்து, காத்திருந்து, காகிதத்தில் ஒரு சொட்டு வைத்தாள். அது உலர்ந்ததும் இருண்ட கிடங்குக்குள் கொண்டுபோய்ப் புற ஊதா விளக்கைப் பிடித்தாள். நொதி இருந்தால் பொட்டு ஒளிரும். இல்லாவிட்டால் இருண்டே கிடக்கும்.

பொட்டு நீலமாக ஒளிர்ந்தது.

"எரியுதுடா மாப்ளே! நடிச்சது போதும், எந்திரி!" என்று கிடங்கு வாசலிலிருந்து மாசாணம் கத்தினான்.

நிலோஃபர் சிரிக்காமல் களத்துக்குத் திரும்பினாள். வயதான அணுக்களில்தான் நொதி மிகக் குறைவு. முதலில் உடைவதும் அவையே. அவை உடைந்து போனபின், துளியில் மிஞ்சுவது இளம் அணுக்கள். நொதி குறைந்தவனின் ரத்தம்கூட அப்போது ஒளிரும்.

"இத நம்பாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரி போவோணும்."

"நீங்களே சோதிச்சுபோட்டு நீங்களே நம்பாதீங்கன்னா எப்படிங்க?" கதிரேசன் கையூன்றி எழ முயன்றான். "மழ கட்டி நிக்குது. கொப்பர நனைஞ்சா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் அவன் கீழிமையை இழுத்து மாசாணத்துக்குக் காட்டினாள். உள்பக்கம் வெளுத்திருந்தது, விழி மஞ்சளாக இருந்தது. மாசாணத்தின் சிரிப்பு அடங்கியது.

முதல் தூறல் விழுந்தது. கதிரேசன் தார்ப்பாயை நோக்கி இரண்டடி வைத்தான், முழங்கால் மடங்கியது.

"கொப்பரடா..."

"நனையட்டும்!" மாசாணம் அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நிலோஃபரின் ஜீப்பை நோக்கி ஓடினான். "மேடம், வண்டிய எடுங்க!"

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் உடனே ரத்தம் ஏற்றச் சொன்னார். மூன்றாம் நாள்தான் கதிரேசனின் சிறுநீர் தெளிந்தது.