தாய்மாமன் மடி

காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். யோகலட்சுமிக்குக் கூடப்பிறந்த அண்ணன் வேல்பாண்டி இருக்கத்தான் செய்கிறான். ஆனாலும் அவள் பள்ளத்தூருக்குத் தேடி வந்து கூப்பிட்டது அவனுடைய சிநேகிதன் மாயக்கண்ணனை.

"எங்க சின்ன மாமனாரக் கொன்னவன் மடியில எம்பிள்ளைய வைக்க மாட்டேண்ணே. இனிமே நீங்கதான் எனக்குக் கூடப்பிறந்தவுக" என்றாள்.

மாயக்கண்ணனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். போன வருஷம் கண்டரமாணிக்கம் கண்மாயில் திருட்டு மண் ஏற்றிவந்த டிப்பரை அந்தச் சின்ன மாமனார் சின்னச்சாமி மறித்தபோது, நிறுத்தாமல் அவர் மேல் ஏற்றியவன் அவன்தான். வேல்பாண்டி பக்கத்துச் சீட்டில் இருந்தான். மாயக்கண்ணன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். "நான் ஒத்தக்கட்டை. நான் ஓட்டுனதாவே இருக்கட்டும். நீ வாயத் தெறந்தா உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டு வேல்பாண்டி ஸ்டேஷனுக்குப் போனான். பெரிய தியாகம்தான். அதை வாங்கிக்கொண்டவன் என்ன பாடு படுவான் என்று தியாகிகள் யோசிப்பதே இல்லை.

வர மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வந்தான். கோயில் பந்தலில் மாலை போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே செத்தவரின் அண்ணன் நாகநாதன், யோகலட்சுமியின் மாமனார். செத்தவரின் மனைவி ரேணுகா, நல்ல காரியம் என்று பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். அவளைப் பார்க்க மாயக்கண்ணனால் முடியவில்லை. எழுந்து போகவும் வழியில்லை.

ஆசாரி ஊசியை எடுக்கும் நேரம் வாசலில் சலசலப்பு. ஜாமீனில் வந்திருந்த வேல்பாண்டி, புதுச் சட்டையும் தோடும் வைத்த தட்டோடு நின்றான்.

"அவன அங்குட்டே போகச் சொல்லுங்க" என்றார் நாகநாதன். யோகலட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேல்பாண்டி தட்டைத் தரையில் வைத்துவிட்டு நடந்தான்.

மாயக்கண்ணனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்தான்.

"அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நான். அவன் இல்ல."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனுக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. அடி விழட்டும், ஜெயிலுக்கே போகட்டும், இந்த மாலையைக் கழற்றினால் போதும்.

வேல்பாண்டி ஓடிவந்தான். "பொய் சொல்றான் மாமா. என்னையக் காப்பாத்தப் பாக்குறான். கோர்ட்டுலயும் இதையே சொல்றேன்னு நின்னான், நாந்தான் தடுத்தேன்."

"எம்மக மேல சத்தியமா நாந்தான்" என்றான் மாயக்கண்ணன்.

நாகநாதன் எழுந்து அவனிடம் வந்தார். அறைவார் என்று கன்னத்தைக் காட்டி நின்றான். அவர் அவன் தோளில் கைவைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சிநேகிதனுக்காகப் பெத்த மக மேலயே பொய்ச் சத்தியம் பண்ணுதியே. அந்தக் கொலகாரப் பயலுக்கு இப்பிடி ஒரு ஆளா? உக்காருய்யா. எம்பேரன் உன் மடியிலதான் இருக்கணும்."

"இவுக தங்கமான மனுசன்னு நான் சொன்னேன்ல மாமா" என்று யோகலட்சுமி அழுதாள். ரேணுகா வெளியிலிருந்து அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நாலு கைகள் அவனை அழுத்தி உட்கார வைத்துப் பிள்ளையை மடியில் கொடுத்தன. வேல்பாண்டியை யாரோ பிடித்து வெளியே தள்ளினார்கள்.

"பிள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார் ஆசாரி.

பிடித்துக்கொண்டான். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. அம்மா கை நீட்டியும் போகாமல் அவன் கழுத்தையே கட்டிக்கொண்டு அழுதது.