எழுதக் கூடாத முழங்கால்

1

இந்தக் கதை, ஒரு வீடியோவை எப்படி அழிப்பது என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டியது. திறந்தால் பக்கத்து வீட்டுக் கிறேஸ் நிற்கிறார். கையில் போன், காலில் வீட்டுச் செருப்பு, வெளியே நவம்பர் மழை. “அண்ணை, பேஸ்புக்கில போட்டதை எடுக்கிறது எப்பிடி?” என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அது ஊரெல்லாம் சுற்றி முடித்திருந்தது.

எழுதுகிறவனின் புத்தியைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டு நிற்க, எனக்குத் தலைப்பு ஓடியது.

வீடியோவில் இருந்தது இதுதான். டென்மார்க்கின் யூலண்டில் ஓர் ஊர் (விபோர்க் என்றோ ஓல்போர்க் என்றோ நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் இல்லை). அங்கே ஒரு தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபை. நடுவில் நாற்காலியில் ஒரு நைஜீரிய இளைஞன். போதகர் ஜெபநேசன் அவனுடைய இடது முழங்காலில் கை வைத்து ஜெபிக்கிறார். அந்த இளைஞன் எங்கள் ஊர்க் காற்பந்துக் கழகத்தின் முன்கள வீரன், ஒபின்னா.

2

அவனைப் பற்றிய கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

“புழுதி பறக்கும் தெருவில் வெறுங்காலோடு பந்தை உதைத்த அந்தச் சிறுவன்...”

நிறுத்திவிட்டேன். ஒபின்னா வெறுங்காலோடு விளையாடியவன் இல்லை. எனுகு நகரத்தில் அவனுடைய அப்பா பல் வைத்தியர். நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர், மகன் வைத்தியம் படிக்கவில்லையே என்று இன்றுவரை மனத்தாங்கலோடு இருப்பவர். இலங்கைத் தமிழன் என்றதும் டேனிஷ்காரர் முகத்தில் வரும் அந்தப் பரிதாபம் எனக்கு அறவே பிடிக்காது. அதையே நான் இன்னொருவனுக்குச் செய்யப் பார்த்தேன்.

இரண்டாவது தொடக்கம்:

“நோர்வேயில் வந்து இறங்கிய அன்று பனி...”

இதுவும் வேண்டாம். பனியைப் பற்றி எழுதினால் எங்கள் ஆட்கள் தங்கள் முதல் பனியை நினைத்துக்கொண்டு கதையை விட்டுவிடுவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் நோர்வே. பிறகு பெல்ஜியம், அங்கே பெரும்பாலும் மாற்று வீரர்களின் வாங்கில் குந்தியிருந்தான். அங்கிருந்து சுலோவாக்கியாவுக்கு இரவல்.* பிறகு டென்மார்க். இங்கேதான் கோல்கள் விழத் தொடங்கின. இப்போது வயது இருபத்தொன்பது. வரும் ஜனவரியில் அவனை எடுக்க ஒரு ஜேர்மன் கழகம் விரும்பியது. முன்கள வீரனுக்கு இந்த வயதில் வரும் அழைப்புத்தான் கடைசி அழைப்பு என்று அவனே சொன்னான்.

(* காற்பந்தில் ஆளையும் இரவல் கொடுப்பார்கள், எங்கள் வீட்டு இடியப்ப உரல் கிறேஸ் வீட்டுக்குப் போய் வருவது போல. உரலை நாங்கள் கழுவித் திருப்பிக் கொடுப்போம்.)

3

சபைக்கு அவன் எப்படி வந்தான்? சூப்பர் மார்க்கெட்டில் மிளகாய்த்தூளைத் தேடிக்கொண்டு நின்றவனைக் கிறேஸ் பிடித்துக்கொண்டு வந்தார். தமிழ் அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அங்கே டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகளுக்காகப் போதகரின் மகள் மிரியம் பக்கத்தில் நின்று வசனத்துக்கு வசனம் டேனிஷில் சொல்லுவாள். அதில் பாதி அவனுக்கு விளங்கும், மீதியைக் கைதட்டிச் சமாளிப்பான்.

அந்தச் சபையில் ஜெபம் என்றால் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிச் செய்ய வேண்டும். ஆளின் பெயர், வேலை, எந்த உறுப்பில் என்ன நோ, எப்போதிருந்து. சைவக்காரனான எனக்கு இது கொஞ்சம் வேடிக்கை. கடவுளுக்கு விலாசம் தவறிவிடும் என்று பயப்படுகிறார்களோ என்று கிறேஸைச் சீண்டியிருக்கிறேன்.

ஒபின்னா தன் வலது முழங்கால் வீங்குகிறது என்று ஜெபம் கேட்டான், தன் கழகத்திடம்கூட அதை அவன் சொல்லியிருக்கவில்லை. கோல் அடித்து நாளாகியிருந்தது. ஜெபித்தார்கள், மிரியம் தெளிவான டேனிஷில் மொழிபெயர்த்தாள், கனடாவில் இருக்கும் உறவினருக்காகச் சபையின் கமரா வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டத்தில் ஒபின்னா கோல் போட்டான்.

ஜெபம் பலித்தால் அதை எல்லோருக்கும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது நன்றிகெட்ட வேலை. கூச்சக்காரனான அவன் வாய் திறக்கவில்லை. எனவே கிறேஸ் அவனுக்காகச் சொன்னார். ஜெபித்த பகுதியை மட்டும் சபையின் வீடியோவிலிருந்து வெட்டி, “தேவனுக்கே மகிமை” என்று எழுதி, கழகத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டார். தமிழ்ச் சபையில் நடந்தது வீட்டுக்குள் நடந்தது மாதிரி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வீடியோவில் மிரியத்தின் டேனிஷும் கேட்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் முழங்காலில் நின்று கைகூப்பிக் காட்டினார்கள். அதை விடுங்கள். நான் அரங்கில் நின்று பார்த்தேன். அவனுக்குப் பந்து வந்ததும் எதிரணித் தடுப்பு வீரனின் கண் முதலில் போனது பந்துக்கு இல்லை, அந்த முழங்காலுக்கு. பிறகு அவனுடைய பூட்ஸும் அங்கேயே போனது. ஒபின்னா விழுந்து எழும்பினான், மறுபடியும் விழுத்தப்பட்டான். ஜேர்மன் கழகம், முழங்காலைப் புதிதாக ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவனை அதிகம் நல்லவனாக்கிவிட்டேனா? முழங்காலைத் தன் கழகத்திடமே மறைத்தவன் அல்லவா?

கேட்டுவிடலாம் என்று போனேன். உண்மையில் கிறேஸை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் இடியப்பமும் ஆட்டுக்கறியும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவனுடைய வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“அவருக்குச் சொல்லுங்கோ அண்ணை, நான் சந்தோசத்திலதான் போட்டனான். கெடுக்க நினைக்கேல்லை.”

ஆங்கிலத்தில் சொன்னேன். ஒபின்னா பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து, “ஓம், அன்ரி” என்றான். சபையில் அவன் பொறுக்கிய ஒரே தமிழ்ச் சொல் அந்த ‘ஓம்’. கிறேஸ் அதற்கும் அழுதார்.

கழகத்திடம் ஏன் சொல்லவில்லை என்று சாப்பிடும்போது கேட்டேன். (அவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.)

“ஓடும்போது நோவதில்லை, அங்கிள். நின்றால்தான் நோகிறது. நிற்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.”

இதற்கு மேல் அவனைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே எழுதுகிறேன், நீங்கள் வேண்டுமானால் சந்தேகியுங்கள்.

இதை ஒரு கதையாக எழுதுகிறேன் என்று சொன்னேன். யோசித்தான்.

“எழுதுங்கள். எந்தக் கால் என்று மட்டும் எழுதாதீர்கள். வீடியோ போய்விட்டது, கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். எழுதினால் இருக்கும்.”

தமிழில்தானே, ஒரு டேனிஷ்காரனும் படிக்கப்போவதில்லை என்றேன்.

“அன்ரியும் அப்படித்தானே நினைத்தார்” என்றான், சிரித்துக்கொண்டே.

கவனமான வாசகராக இருந்தால் ஏற்கெனவே பிடித்திருப்பீர்கள். முதல் பகுதியில் இடது என்றேன், மூன்றாம் பகுதியில் வலது என்றேன். அது அச்சுப்பிழை இல்லை. ஆசிரியர் திருத்த வேண்டாம்.

5

முடிவு அ: ஸ்கேன் நன்றாக வந்தது. ஜேர்மனியில் முதல் ஆட்டத்திலேயே அவன்... (கிறேஸ் விரும்பும் முடிவு. எழுதிப் பார்த்தேன், நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: ஸ்கேன் சரிவரவில்லை. எனுகுவுக்குத் திரும்பி, அப்பாவின்... (எழுதக் கை வரவில்லை.)

6

ஸ்கேனுக்கு முந்திய ஞாயிறு. கிறேஸுக்குச் சபைக்குத் தனியாகப் போக வெட்கமாக இருந்தது. நானும் கூடப் போனேன். கமராவை ஒரு துண்டால் மூடியிருந்தார்கள். ஒபின்னா வந்திருந்தான்.

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். அவனும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். கிறேஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார், தவறிக்கூடப் பார்த்துவிடக் கூடாது என்று. போதகர் ஜெபநேசன் ஜெபத்தைத் தொடங்கினார். பெயர், வேலை, உறுப்பு என்று அடுக்குவார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

“ஆண்டவரே, உமக்குத் தெரியும்.”

மிரியம் அதை டேனிஷில் சொன்னாள். அன்றைய ஜெபம் அவ்வளவுதான்.

ஸ்கேனில் என்ன வந்தது என்பதை அவன் எப்போது, யாரிடம் சொல்ல விரும்புகிறானோ, அப்போது சொல்லட்டும். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பேஸ்புக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மண்டபத்தில் கண்ணை மூடாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். ஜெபம் முடிந்து ஒபின்னா எழும்பியபோது, எந்தக் காலை முதலில் ஊன்றினான், எந்தக் காலுக்காக ஒரு கணம் பொறுத்தான் என்று பார்த்தேன்.

எழுத மாட்டேன்.