காப்புறுதியில் மகள்

தியாகலிங்கத்துக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். தம்பியின் மகள் நிலாணி இருக்கிறாளே. தாயில்லாத பிள்ளை. தம்பி ஸ்ரீஸ்கந்தராசா சின்ன வயதிலேயே வன்னியிலிருந்து அனுப்பி வைத்த நாள் முதல் ரொறன்ரோவில் அவர் வீட்டில்தான் வளர்கிறாள். தம்பியின் மகள் நமக்கும் மகள்தானே, பிள்ளைகளே? தொழிற்சாலையில் மருத்துவக் காப்புறுதிக்கு விவரம் கேட்டபோதும் அவர் "மகள்" என்றே எழுதிக் கொடுத்தார். அவளுக்கு நீரிழிவு, நாள்தோறும் இன்சுலின் ஊசி. அந்தச் செலவைக் காப்புறுதிதான் தாங்கியது.

மில்லிக்கன் பகுதியில் அவருக்கு வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தவரோ, "நீங்கள் பெத்த பிள்ளையோ?" என்று கேட்டார். இல்லை என்றதும், பிள்ளையே இல்லை என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். காப்புறுதியில் உள்ள பிள்ளைகளுக்கு வரிப் பத்திரத்தின் பிரதி வேண்டும் என்றது காப்புறுதிக் கொம்பனி. அந்தக் கிழமை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. தம்பியின் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. பள்ளியால் வந்ததும் நிலாணி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தகப்பனின் எண்ணைத்தான் அழுத்துவாள்.

தொழிற்சாலையின் சம்பளப் பகுதியில் இருந்த றோஸ்மேரி யாழ்ப்பாணத்துப் பெண். தியாகலிங்கம் பிரதியை நீட்டியதும் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னண்ணை இது? இங்க மகள், அங்க பிள்ளையே இல்லை. களவெண்டெல்லோ நினைப்பாங்கள்."

"தம்பியின்ர பிள்ளையை வேற என்னெண்டு எழுதுறது?"

"எனக்கு விளங்குது. காப்புறுதிக்காரனுக்கு விளங்காதே. நீங்கள்தான் பாதுகாவலர் எண்டு கோர்ட்டில பதிஞ்சா அவளை வைச்சிருக்கலாம். அதுக்குத் தேப்பன், உங்கட தம்பி, சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி…"

"இல்லாட்டி?"

றோஸ்மேரி காப்புறுதிப் படிவத்தை அவர் முன்னால் வைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "தேப்பன் உயிரோட இல்லையெண்டு எழுதுங்கோ, அப்பக் கையெழுத்துத் தேவைப்படாது. இப்பத்தைய நிலைமையில ஆரும் கேள்வி கேக்கமாட்டினம்."

தியாகலிங்கம் பேனாவை எடுத்தார். ஒரு சொல் எழுதினால் போதும், ஊசி நிற்காது. நாளைக்கு அந்தத் தாளின் பிரதி வீட்டுக்கு வரும். தமிழில் வந்தால்தான் நிலாணிக்குத் தடுமாற்றம், இங்கிலீஷ் என்றால் ஒரு பார்வையில் வாசித்துவிடுவாள்.

"தகப்பன் உயிரோடு இருக்கிறார்" என்று எழுதித் தாளைத் தள்ளினார்.

"அண்ணை, அப்ப இந்த மாசத்தோட காப்புறுதி நிண்டுபோடுமே!"

"ஊசியை நான் வாங்குறன், பிள்ளை. பின்னேரத்தில இன்னொரு வேலையும் செய்வன். கையெழுத்தும் வாங்கித் தாறன்."

"ஆரிட்டையண்ணை?"

"தம்பியிட்டைத்தான்," என்றார் அவர். "வேற ஆரிட்டை?"