கழுத்து வரை சிமெண்ட்

லோரன் புரூயட்டின் கார் முதன்முறை சீறியபோது எங்கள் லின்டன் ஊர் தேவாலயத்து மணி தானாகவே ஆடியது உண்மை. மணியடிப்பவர் அதில் மனம் புண்பட்டு வேறு சபையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்தக் காரின் முன்சக்கரங்கள் மேலே எழும்பியதில் லோரன் பக்கத்து மாவட்டம் முழுவதையும் பார்த்தான் என்று சிலர் சொல்வது மிகை. அவன் பார்த்தது பாதி மாவட்டத்தைத்தான். எனக்கு மிகைப்படுத்துவது பிடிக்காது.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து செவ்ரோலே, இரண்டு கதவு. கால் மைல் பந்தயம் ஓடுவதற்காக நானும் லோரனும் அதை உரித்து எடுத்தோம். ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஓர் இருக்கை. ஹாரன் இல்லை, வைப்பர் இல்லை, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். எடை குறையட்டும் என்று அடியிலுள்ள இரும்புச் சட்டம் முழுக்கத் துளை போட்டோம். கதவில் ‘ஞாயிற்றுக்கிழமைப் பாவம்’ என்று சிவப்பில் எழுதினோம், பந்தயம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும் என்பதால். லோரனின் மனைவி வெல்டா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எழுபத்துநான்கில் பந்தயப் பாதையை மூடி மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள். கார் லோரன் வீட்டுக் கராஜுக்குள் போய்த் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்தது. அங்கே ஒரு வண்டிக்குத்தான் இடம். வெல்டாவின் கார் அதற்கப்புறம் நாற்பது குளிர்காலம் வெளியே நின்றது.

நாற்பத்தோராவது குளிர்காலத்தில், பிப்ரவரியில் ஒரு காலை, கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டும்போது வெல்டா வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மறுநாள் நான் பார்க்கப் போனேன். சமையலறை மேஜையில் மாவுக்கட்டுக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோரன் எதிரே காபியைக் குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“வா டெல்மர், உட்காரு. நீயும் கேட்டுக்கோ. சாட்சி இருந்தா நல்லதுதான்,” என்றாள்.

“எதுக்குச் சாட்சி?”

“நான் ஆர்டித் வீட்டுக்குப் போறேன்.” ஆர்டித் அவளுடைய தங்கை, விதவை. வீடு பிரேசிலில். எங்கள் இண்டியானாவில் இருக்கும் பிரேசில், வடக்கே நாற்பது மைல்.

“எத்தனை நாளைக்கு?” என்றான் லோரன்.

“அது உன் காரைப் பொறுத்தது.”

“வெல்டா, நாளைக்கே நான் அதை ஓரமாத் தள்ளி...”

“ஓரமாத் தள்ள வேணாம். ஓட்டு. கல்யாணமான புதுசுல என்ன சொன்னே? ஒருநாள் இதுல உன்னை உட்கார வெச்சு ரோட்டுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. ஆகஸ்ட் முதல் ஞாயிறு, சர்ச் முடிஞ்சதும், அந்தக் கார்ல என்னை ஆர்டித் வாசல்ல கொண்டுபோய் இறக்கு. போய்ச் சேர்ந்துட்டா, உன்கூடவே திரும்பி வரேன். சேரலேன்னா அங்கேயே இருந்துக்கறேன். நான் கோவத்துல பேசலை லோரன். கை வலியிலயும் பேசலை.”

அவள் கோபத்தில் பேசவில்லை என்பதுதான் எங்கள் இருவருக்கும் பயமாக இருந்தது. லோரன் கரண்டியைக் கீழே வைத்தான். “ஆகஸ்ட்தானே? தாராளமா முடியும்,” என்றான். முடியாது என்று எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பந்தய என்ஜினில் சிலிண்டர் சுவர் மெலிசு. வேகத்தில் அது நெளியாமல் இருக்க, அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைக்குள் சிமெண்ட் கரைசலை ஊற்றி இறுக வைப்பது எங்கள் வழக்கம். ஓட்டம் மொத்தமே பன்னிரண்டு விநாடி. அதற்குள் என்ஜினுக்குத் தாகம் எடுக்காது. ஆகவே பலர் கழுத்து வரை ஊற்றிவிடுவார்கள். ஆனால் அறுபத்தொன்பதில் லோரன் சுண்ணக்கட்டியால் பாதியில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் விரலை வைத்துக் காட்டினான். “இதுக்கு மேல ஒரு சொட்டுப் போகக் கூடாது டெல்மர். மேல தண்ணி ஓடணும்.” எதற்கு என்று நான் கேட்கவில்லை. கரைசலை என் கையில் கொடுத்துவிட்டு அவன் டயர் வாங்கப் போனான்.

கராஜில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். பழைய சுரங்கக் குழிகளில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடக்குமே, அதில் ஒன்றில் நான் பிடித்த கெளுத்தி மீனைப் பற்றிக் கேட்டார்கள். படகு மோட்டாரை விழுங்கிவிட்டு, அந்த வேகத்திலேயே இரண்டு குழிகளுக்கு நடுவே இருந்த சாலையைக் குறுக்கே கடந்த மீன். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். மீன் சாலையைக் கடந்து முடிக்கும்போது வாளி காலியாக இருந்தது. கோடு எங்கேயோ அடியில் போயிருந்தது.

சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அது கல்லாகியிருந்தது. அந்த வாரமே அவன் ஜெயித்துக் கோப்பையோடு வந்தான். பிறகு சொல்லத் தோன்றவில்லை.

மார்ச்சில் தார்ப்பாயை எடுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கருவி எடுத்துக் கொடுத்தேன். எழுபத்தாறு வயதில் குழாயைப் போலத் தரையில் நீண்டு படுத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். ரேடியேட்டர் வைத்தான், விசிறி வைத்தான், விளக்கு, ஹாரன், வைப்பர், கண்ணாடி வைத்தான். பழைய இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் பொருத்தினான். அதற்கு மட்டும் மூன்று நாள். வெல்டாவின் முதுகுக்குச் சரியாக வர வேண்டுமாம்.

ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சொல்லிவிட்டேன்.

“லோரன். அந்த என்ஜின்ல பாதி இல்ல, முழுசா சிமெண்ட். கழுத்து வரைக்கும். கோட்டைத் தாண்டி ஊத்திட்டேன்.”

அவன் மென்று முடித்து என் முகத்தைப் பார்த்தான். ஐம்பது வருஷமாக இந்த முகத்தை அசைக்காமல் வைத்துத்தான் நான் எதையும் சொல்வேன். உண்மை சொல்ல வேறு முகம் என்னிடம் இல்லை.

“கழுத்து வரைக்குமா?”

“ஆமா.”

“அப்புறம் அதுக்குள்ள ஒரு முயல் குடியிருக்கு, அப்படித்தானே?” என்று சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். “கிழவா, ரெண்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். நல்லா இரு.”

என்ஜின் பக்கவாட்டில் காசு அளவு மூடிகள் உண்டு. ஒன்றை உளியால் தட்டித் திறந்தால் போதும், உள்ளே இருப்பது தெரிந்துவிடும். உளி என் மடியில் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் உளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்தது.

ஜூலையில் அவன் தெருவைச் சுற்றி ஓட்டினான். மூன்று நிமிஷம். பின்சக்கரம் இரண்டையும் பந்தயத்துக்காக ஒன்றாகப் பற்றவைத்திருந்ததால், திரும்பும்போதெல்லாம் டயர் கத்திற்று. தெருவில் இருந்த நாய்கள் அன்றிலிருந்து குரைப்பதை விட்டுவிட்டன, பலனில்லை என்று. இறங்கி வந்தவன் என்னைத் தோளில் அடித்தான்.

“சூடு காட்டுற முள்ளைப் பாத்தியா? சூடே ஏறலை! பச்சைக் குழந்தை மாதிரி ஜில்லுனு இருக்கு.”

அந்த முள் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும்; தண்ணீரே போகாத என்ஜினில் அது எப்படி ஏறும்? “ஆமா, ஜில்லுனு இருக்கு,” என்றேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு வெல்டா நீல உடையில் வந்தாள். டிக்கியில் பின்சக்கரம் தரையைப் பிடிக்க எடைக்காக வைத்த பாட்டரிகள் இருந்ததால் சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய சூட்கேஸ். லோரன் அதைப் பார்த்தான். அவளுக்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டு, “இறுக்கமா இருக்கா?” என்றான்.

“சரியாத்தான் இருக்கு.” இருக்கையின் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தாள். “இதை நீயே தச்சியா?”

“ஆமா.”

நான் என் பிக்கப்பில் எட்டு கேன் தண்ணீரோடு பின்னால் போனேன். நாலு மைலில் ஒன்றுமில்லை. ஆறு மைலில் கார் நன்றாகவே ஓடியது. சோயா வயல்களுக்கு நடுவே அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்புவதும், அவன் ஏதோ கத்திச் சொல்வதும், அவள் காதில் கையை வைத்துக் கேட்பதும் தெரிந்தது. அவள் சிரித்தாள் என்றே நினைக்கிறேன். ஒருவேளை என் கணக்குதான் தப்போ, சிமெண்ட் எங்காவது விரிசல் விட்டுத் தண்ணீருக்கு வழி கொடுத்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

ஜேசன்வில் தாண்டும்போது சூடான பெயிண்ட் வாசனை வந்தது. நான் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ஹாரனை அழுத்தினேன். அந்தச் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்கும்? நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினான். அந்தக் கை உள்ளே போவதற்குள் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே நின்றன. கார் தார்ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடு போட்டு இழுத்துக்கொண்டு போய், வயலோரப் புல்லில் நின்றது. ஆவிகூட வரவில்லை.

நான் ஓடிப்போனபோது வெல்டா சூட்கேஸைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை. லோரன் காரின் முன்மூடியைத் திறந்து, அவசரத்தில் என்ஜின்மேல் கையை வைத்து உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டான். நான் தண்ணீர் ஊற்றப் போனேன். தள்ளிவிட்டான்.

“முள்ளு ஏறவே இல்லையே டெல்மர். ஏறவே இல்லையே.” பிறகு அவளைப் பார்த்தான். “என் தப்புதான் வெல்டா. எங்கயோ சரியாப் போடலை. கை பழைய கை இல்ல. டெல்மர் உன்னைக் கொண்டுபோய் விடுவான். நீ சொன்னபடியே இருந்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லலை.”

அவள் இறங்கி நின்றாள். “பதினோரு மைல்,” என்றாள் மெதுவாக. “பதினோரு மைல் நல்லாத்தான் இருந்துச்சு.”

நான் பிக்கப்பிலிருந்து உளியையும் சுத்தியலையும் கொண்டு வந்தேன். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, என்ஜின் பக்கவாட்டில் மேலே இருந்த மூடியைத் தட்டினேன். மூன்றாவது அடியில் விழுந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில், நடைபாதை மாதிரி வழவழவென்று இருந்தது.

“இது என்ன?” என்றாள் வெல்டா.

“சிமெண்ட்.”

லோரன் குனிந்து விரலால் தொட்டான். “பாதின்னு கோடு போட்டேனே.”

“தாண்டிடுச்சு. கதை சொல்லிக்கிட்டே ஊத்திட்டேன்.”

“என்ன கதை?” என்றாள் அவள்.

“கெளுத்தி மீன் கதை.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு டிராக்டர் எங்களைக் கடந்து போயிற்று. ஓட்டியவர் தொப்பியைத் தூக்கினார். நாங்கள் மூவரும் வழக்கப்படி கையைத் தூக்கினோம்.

“எதுக்குப் பாதி?” வெல்டா அவனைப் பார்த்துக் கேட்டாள். “எல்லாரும் முழுசாத்தானே ஊத்துவாங்க? உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியுமே.”

“முழுசா ஊத்தினா ரோட்டுல ஓடாதே.”

“ரோட்டுல எதுக்கு ஓடணும்?”

“உன்னை உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல.”

“அறுபத்தொன்பதுலயா?”

“அப்பதானே சொன்னேன்.”

அவள் அந்தச் சாம்பல் வட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளை எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். அப்படிப் பார்த்ததில்லை.

“உனக்கு எப்போலேருந்து தெரியும்?”

“ஊத்தின அன்னிலேருந்து.”

“இவன் ஏப்ரல்ல சொன்னான் வெல்டா,” என்றான் லோரன். “நான்தான் நம்பலை.”

“நம்பற மாதிரிச் சொல்ல இன்னிக்கு உளி கிடைச்சுது. அன்னிக்குக் கிடைக்கலையா?” என்றாள் என்னிடம்.

நான் உளியைக் கீழே வைத்தேன். அவள் சூட்கேஸை லோரனிடம் கொடுத்துவிட்டு, அவன் சுட்டுக்கொண்ட கையைத் திருப்பிப் பார்த்து, என் கேனிலிருந்து தண்ணீரை ஊற்றி, தன் கைக்குட்டையால் கட்டினாள்.

“ஏறு,” என்றாள்.

“கார்?”

“நிக்கட்டும்.”

அந்தக் காரை அவன் எந்த மைதானத்திலும், ஐந்து நிமிஷம்கூட, ஆள் காவல் இல்லாமல் விட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து பிக்கப்பில் ஏறினான். எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று வெல்டா அவனை ஜன்னல் பக்கம் அனுப்பினாள். தான் நடுவில் உட்கார்ந்து, எனக்கும் தனக்கும் இடையே சூட்கேஸை நிறுத்தி வைத்துக்கொண்டாள். இருபத்தொன்பது மைல். அப்படியே போனோம்.

பிரேசிலில், ஆர்டித் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வெல்டா இறங்கினாள்.

“கார் வந்து சேரலை. நான் சொன்னது சொன்னதுதான். இங்கேயே இருக்கப் போறேன்,” என்றாள்.

“தெரியும்,” என்றான் லோரன். சூட்கேஸை வாசல்வரை தூக்கிப் போனான். அங்கே வைத்துவிட்டுத் திரும்பி வருவான் என்று நான் என்ஜினை அணைக்காமல் இருந்தேன். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

நான் என்ஜினை அணைத்தேன். மத்தியான வெயில் இன்னும் தணியவில்லை. சமையலறை ஜன்னலில் ஆர்டித் தட்டு வைப்பது தெரிந்தது. மூவரும் உட்கார்ந்து தலை குனிந்து ஜெபம் செய்தார்கள். வெல்டா அவனுக்குக் கோழித் துண்டை வெட்டிக் கொடுத்தாள், அவன் வலதுகையில் கட்டு இருந்ததால். பிறகு அவள் எழுந்து ஜன்னல் பக்கம் வந்தாள். என்னைக் கூப்பிடத்தான் வருகிறாள் என்று கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

திரையை இழுத்துவிட்டுப் போனாள். நான் காலை உள்ளே எடுத்துக்கொண்டேன்.