பதினொரு மாதப் பயிற்சி

சர்வமத மௌன முகாமின் வரவேற்பறையில் அக்காவைப் பார்த்ததும் அம்மாவின் திருவிளையாடல் புரிந்துவிட்டது. "உலக சமாதானத்துக்காக மூணு நாள் பேசாம இருக்கணுமாம், மனசுக்கு நல்லது" என்று எங்கள் இருவரையும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறாள்.

எங்களுக்கு மௌனம் புதிதல்ல. பதினொரு மாதமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் என் கதை நோட்டை எடுத்து அக்கா சத்தமாகப் படித்தாள். சித்தப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று மூடிய வாய். பல் டாக்டரான அவள் அடுத்த வாரம் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகிறாள். அதற்குள் பேசிவிட வேண்டும் என்று எனக்கு ஆசைதான். முதலில் யார் என்பதில்தான் சிக்கல்.

முகாமை நடத்திய கன்னியாஸ்திரி இரண்டிரண்டு பேராக வேலை பிரித்துக் கொடுத்தார். எங்களுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. நான் தேய்க்க வேண்டும், அவள் அலச வேண்டும். டம்ளர் விளிம்பை யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல் போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு டம்ளர் மூன்று முறை என்னிடமே திரும்பி வந்தது. இரண்டாம் நாள், பளபளவென்று இருந்ததையும் திருப்பினாள். நிமிர்ந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரையை அவள் மூக்கில் தடவிவிட்டேன்.

பேச்சு மட்டும் இல்லை. முகாமின் விதி என்று ஒரு நல்ல சாக்கு இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மணி அடித்தது. பள்ளிக்கூடம் விட்டது போல இரைச்சல். இமாம் பக்கத்திலிருந்த புத்த பிக்குவிடம், "உங்க குறட்டையைப் பத்தி மூணு நாளா சொல்லக் காத்திருந்தேங்க" என்றார்.

"அது தியானம்ங்க" என்றார் பிக்கு.

நாங்கள் இருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. பழக்க தோஷம்.

கன்னியாஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மணி அடிச்சும் இவங்களுக்கு மௌனத்தை விட மனசு வரலை பாருங்க. அந்த ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்கம்மா."

நாற்பது தலைகள் திரும்பின. நான் தரையைப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றாள்.

"ரகசியமெல்லாம் இல்ல சிஸ்டர். இவ என் தங்கச்சி. பதினொரு மாசமா சண்டை." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தப்பு என் மேலதான்."

அந்த மூன்று நாளிலும் அப்படி ஒரு நிசப்தம் இருந்ததில்லை. பிறகு இமாம் சிரித்துவிட்டார். கூடமே சிரித்தது. இந்த முறை அக்காவைப் பார்த்து.

உட்கார்ந்ததும் என் பக்கம் குனிந்தாள்.

"இன்னும் எழுதறியாடி?"

"எழுதறேன்."

"ஊருக்குப் போறப்ப அந்த நோட்டைக் குடு. முழுசாப் படிக்கணும்."

"எப்படிப் படிப்ப?"

"மனசுக்குள்ளதான்" என்றாள். "மூணு நாள் பழகியிருக்கேன்ல."