அம்பலத்துப் பூட்டு

ருவான்வெல்லைக் கடைவீதியில், வழிப்போக்கர் தங்கும் பழைய அம்பலம் ஒன்று இருந்தது. வெற்றிலை போடுகிறவர்களெல்லாம் சுண்ணாம்பு விரலை அதன் செதுக்கிய தூண்களில்தான் துடைத்தார்கள். பழமை காக்கும் சங்கத்தார் தூண்களைக் கழுவி, வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி தலைவர் சின்னலெப்பையின் இடுப்பில். துணிக்கடைக்காரர், மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் அடைமழை. றப்பர் தோட்டத்துப் பெண்கள் வேலியோரம் நனைந்து நின்றார்கள். செயலாளர் வேலாயுதத்தோடு ஒதுங்க ஓடிவந்த சின்னலெப்பை, "மழை விட்டதும் போயிடணும்!" என்று அதட்டிக்கொண்டே எல்லாருக்கும் திறந்துவிட்டார். உள்ளே உட்கார்ந்து, நிம்மதியாக வெற்றிலை போட்டார்.

"சின்னலெப்பை நானா, தூணப் பாருங்க," என்றார் வேலாயுதம்.

சின்னலெப்பையின் கையெட்டும் தூணில் ஈரம் காயாத சுண்ணாம்புக் கோடு.

மறுநாள் பூட்டைக் காணோம். தூணருகே, விரல் துடைக்க, அவர் கடைத் துணி ஒரு முழம் தொங்கியது.